முதுகுக்குப் பத்து நிமிடம், தொடைக்கு ஒரு மணி நேரம்

எங்கள் வீட்டுக் குக்கருக்கு ஆட்டுக்கறி என்றால் ஆறு விசில். முதன்முதலாக முயல் வாங்கியபோதும் அதையே வைத்தோம். செங்குன்றம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் காலை ஏழு மணிக்கு உரித்து வெட்டிக் கொடுத்தார்கள். பெரம்பூர் வந்து சேர ஒன்பதரை, குக்கர் அடுப்பில் ஏறும்போது பதினொன்று. மூடியைத் திறந்ததும் மிளகும் கறிவேப்பிலையும் மணந்தன. வாயில் வைத்தால் தேங்காய் நார். முதுகுத் துண்டை விரலால் பிரித்தேன். நூல் நூலாக வந்தது, ஒவ்வொரு நூலும் வறண்டு கிடந்தது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லாத்தான் இருக்கு கண்ணு, கறியிலதான் சாரமே இல்ல" என்றார்.

அந்தச் சாரம் எங்கே போனது என்று அன்றிலிருந்து படித்தும் சமைத்தும் பார்த்துவருகிறேன். முயல் கறியை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி ஒருமுறை நாரைத் தின்று மனம் வெறுத்தவர்கள்தான். முயலை ஆடாக நினைத்துச் சமைப்பதுதான் அதற்குக் காரணம். இரண்டும் தழை தின்னும் பிராணிகள். ஆனால் சட்டிக்குள் போனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலில் எந்த முயல் என்று சொல்லிவிடுகிறேன். நம் வயல்காட்டில் ஓடும் காட்டு முயல் வேறு, பண்ணை முயல் வேறு. காட்டு முயலைப் பிடிப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். கௌதாரி, உடும்பு, காட்டுப்பன்றி, மான் எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். பண்ணை முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, சாம்பல் ஜெயன்ட் என்று வகைகள் உண்டு. கொடைக்கானல் மேலே மன்னவனூரிலும் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களில் இவற்றை நெடுங்காலமாக வளர்க்கிறார்கள். சுமார் 3 மாதத்தில் 2 கிலோ எடைக்கு வரும். உரித்தால் பாதி தேறும்.

இந்த இரண்டு முயல்களின் கறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிராணிகள் என்று நம்ப மாட்டீர்கள். சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தில் வந்தவாசிப் பக்கம் காட்டு முயல் சாப்பிட்டு வளர்ந்தவர் எங்கள் தாத்தா. அது கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட ஈரல் நிறத்தில் இருக்கும் என்பார். பண்ணை முயலோ கோழி நெஞ்சுக்கறி போல வெளுப்பு. தீனியை விட, ஓட்டம்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஐரோப்பிய முயல் வளை தோண்டி வாழ்வது. ஆபத்து வந்தால் வளைக்குள் பாய்ந்துவிடும்; பத்து இருபது விநாடி வேகம் போதும். காட்டு முயலுக்கு வளை கிடையாது. புல் மறைவில் படுத்திருக்கும், நாய் துரத்தினால் வெட்டவெளியில் நீண்ட தூரம் ஓடியே தப்பிக்க வேண்டும்.

குறுகிய பாய்ச்சலுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. தசையில் சேமித்துவைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரையை உடைத்தே சமாளித்துவிடலாம். நீண்ட ஓட்டத்துக்கு ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதைப் பிடித்துவைத்துத் தசைக்குக் கொடுப்பது மயோகுளோபின் என்ற புரதம். அதன் நடுவில் இரும்பு அணு இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. வெட்டிய கறியிலிருந்து வடியும் சிவப்புத் தண்ணீரைப் பலரும் ரத்தம் என்கிறார்கள். பெரும்பாலும் அது மயோகுளோபின் கலந்த நீர். கடைக்காரரிடம் ஒரு காடையை வாங்கி நெஞ்சைக் கீறிப் பாருங்கள், கோழியை விட நன்றாகவே சிவந்திருக்கும். கூண்டில் வளர்ந்த ஜப்பானியக் காடைதான், ஆனால் அதன் காட்டு முன்னோர்கள் பருவத்துக்குப் பருவம் வலசை பறந்தவை. பறந்த வம்சத்தின் தசை இன்னும் மாறவில்லை. ஈமு பறவைதான், அதன் கறியோ மாட்டிறைச்சி போலச் சிவந்திருக்கும். நாளெல்லாம் நடக்கும் கால் அது.

சரி, குக்கருக்குள் என்ன நடந்தது? கறியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் புரத இழைகள் வலைபோலப் பின்னிப் பிடித்துவைத்திருக்கின்றன. சூடு 50 டிகிரியைத் தொடும்போது மயோசின் என்ற புரதம் உருக்குலையத் தொடங்கும்; கறி ஒளி ஊடுருவும் தன்மையை இழந்து வெண்மையாகும், கொஞ்சம் இறுகும். இந்த நிலையில் சாறு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். 60-ஐத் தாண்டியதும் இழைகளைச் சுற்றியிருக்கும் சவ்வு சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோலத் தசையைப் பிழியும். 66-லிருந்து ஆக்டின் என்ற அடுத்த புரதமும் உருக்குலையும். அதற்குப் பிறகு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கறி சாறை விட்டுக்கொண்டே போகும். குக்கருக்குள் சூடு 120 டிகிரிக்குக் கிட்டத்தில். ஆறு விசில் வருவதற்குள் முதுகுச் சதை தன்னிடம் இருந்ததை எல்லாம் குழம்பில் கொட்டிவிட்டது. அத்தை தேடிய சாரம் குழம்பில்தான் இருந்தது.

ஆட்டுக்கறியும் அதே 120 டிகிரியில்தான் வேகிறது, அது மட்டும் ஏன் நாராவதில்லை? அங்கே இரண்டு காவலர்கள் உண்டு. ஒருவர் கொழுப்பு. மார்கண்டத்திலும் சப்பையிலும் சதைக்கு இடையே கொழுப்பு ஓடுகிறது. சூட்டில் உருகி இழைகளுக்கு வழுவழுப்புக் கொடுப்பதால், சாறு போனாலும் நாக்குக்கு அது தெரிவதில்லை. இன்னொருவர் கொலாஜன். எலும்பையும் தசையையும் இணைக்கும் அந்த வெள்ளைச் சவ்வு, 70 டிகிரிக்கு மேல் தண்ணீரில் நிதானமாக வெந்தால் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயாவைத் தொட்டால் விரல் ஒட்டுகிறதே, அந்தப் பசை இதுதான்.

முயலின் முதுகில் இந்த இரண்டு பேருமே இல்லை. பண்ணை முயல் கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 5.6 கிராம், புரதம் 20 கிராம். அந்தக் கொஞ்சக் கொழுப்பிலும் கணிசமானது சதைக்குள் இல்லை. சிறுநீரகத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் தனிக் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. வெட்டும்போது அதைத்தான் முதலில் பிய்த்துப் போடுகிறார்கள். தூக்கி எறிய வேண்டாம், பையில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கி வாருங்கள்.

தொடையின் கதை வேறு. பிராணியின் எடையைத் தூக்கித் தாவுவது பின்னங்கால். அங்கே தசைக்கட்டுகள் பல, ஒவ்வொன்றுக்கும் உறை, முடிவில் தசைநார். கொலாஜன் நிறைய. ஆக ஒரே முயலுக்குள் இரண்டு கறி இருக்கிறது. முதுகு சீக்கிரம் இறக்க வேண்டியது. தொடையும் முன்சப்பையும் நேரம் கேட்பவை. ஒரே சட்டியில் ஒரே நேரம் வைத்தால் ஒன்றுக்கு நியாயம் செய்து மற்றதைக் கெடுக்கிறோம். பிராணியின் வயதும் முக்கியம். மூன்று மாத முயலின் கொலாஜன் இழைகளுக்கு இடையே பிணைப்புகள் குறைவு, ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். குட்டி போட்டு ஓய்ந்த தாய் முயல் என்றால் இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். வாங்கும்போது வயதைக் கேளுங்கள், எடை ஏமாற்றும்.

எங்கள் முதல் முயலுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஏழு மணிக்கு அறுத்ததைப் பதினொன்றுக்கு வேகவைத்தோம். உயிர் போன பிறகும் தசை உடனே அடங்கிவிடுவதில்லை. கிளைகோஜனை உடைத்துக்கொண்டே இருக்கும். லாக்டிக் அமிலம் சேரும். தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தரும் ஏடிபி தீர்ந்ததும் மயோசினும் ஆக்டினும் ஒன்றை ஒன்று பிடித்தபடியே நின்றுவிடும். உடல் விறைப்பது இதனால்தான். சின்னப் பிராணிகளில் சில மணி நேரத்துக்குள் விறைப்பு வந்துவிடும். சென்னை வெயிலில் இன்னும் வேகம். நாங்கள் சரியாக அந்த விறைத்த நேரத்தில் அடுப்பேற்றியிருக்கிறோம். ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் தசையிலேயே இருக்கும் நொதிகள் அந்தப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிட்டிருக்கும். 'அறுத்த சூட்டோடு சமைத்தால்தான் ருசி' என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. முயல் விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

துரத்திப் பிடித்த, பயந்து துடித்த பிராணியின் கறி ஏன் கெட்டியாகவும் கறுத்தும் இருக்கிறது என்பதற்கும் விடை இதில்தான். சாகும் முன்பே கிளைகோஜன் தீர்ந்துபோனால் அமிலம் உருவாக வழியில்லை. அமிலம் குறைந்த கறி சீக்கிரம் கெட்டும் போகும். கூண்டிலிருந்து எடுத்த முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி, கோணியில் கட்டி, வெயிலில் ஸ்கூட்டரில் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிராணிக்கு அது கொடுமை, கறிக்கும் கேடு.

கவிச்சி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆட்டின் வாடைக்குக் காரணம் கிளைவிட்ட சில கொழுப்பு அமிலங்கள், அவை ஆட்டின் கொழுப்பில் இருப்பவை. முயலில் வேறு கணக்கு. ஆடு தின்னும் புல்லில் உள்ள கொழுப்பை அதன் இரைப்பை நுண்ணுயிரிகள் முதலிலேயே மாற்றி உறைகொழுப்பாக்கிவிடுகின்றன. முயலுக்கு நொதிப்பு நடப்பது குடலின் கடைசிப் பகுதியில். அதற்குள் புல்லின் கொழுப்பு அப்படியே உடலில் சேர்ந்துவிடும். அதனால் முயல் கொழுப்பு மென்மையானது, உடலுக்கும் நல்லது, ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். சூடாக்கிய கறியில் மயோகுளோபின் இரும்பு வெளிவந்து இதை முடுக்கிவிடும். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி. முயல் அப்படியில்லை, சூடுபடுத்தினால் அட்டைப்பெட்டி வாசனை வரும். மஞ்சளும் கறிவேப்பிலையும் கிராம்பும் இந்தக் காறலைத் தடுக்கும் சேர்மங்கள் கொண்டவை. கறியைக் கழுவியதும் மஞ்சள் பிசறுகிறோமே, அதில் வேதியியலும் இருக்கிறது.

கொழுப்பில்லாத கறி என்று டயட்டில் இருப்பவர்கள் முயலைத் தேடுகிறார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. காட்டு முயலின் கறியில் கொழுப்பு 100 கிராமுக்கு 2.3 கிராம்தான். கலோரியில் முக்கால் பங்கு புரதத்திலிருந்தே வருகிறது. புரதத்தை எரிக்கும்போது மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற வேண்டும், அந்த வேலைக்கு ஓர் உச்ச வேகம் இருக்கிறது. குளிர்ப் பிரதேசங்களில் முயலை மட்டுமே தின்று வாழ நேர்ந்தவர்கள் வயிறு நிறைய உண்டும் பேதியும் சோர்வுமாக வாடிப்போனார்கள். முயல் பட்டினி என்றே அதற்குப் பெயர். வடதுருவப் பயணி வில்ஜால்முர் ஸ்டெஃபான்சன் 1928-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் கறியை மட்டும் உண்ணும் பரிசோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். கொழுப்பே இல்லாத கறி கொடுத்த சில நாட்களிலேயே படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். சோறும் நல்லெண்ணெயும் இருக்கும் நம் இலையில் இந்தப் பயம் வேண்டாம். வெறும் கறியை மட்டும் தின்று உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

காடைக்கு இத்தனை பாடு இல்லை. நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வகைக்கு நந்தனம் காடை என்றே பெயர். ஐந்து வாரத்தில் கறிக்குத் தயார். தோலோடு பொரித்தால் தோலடிக் கொழுப்பு காப்பாற்றும், சில நிமிடத்தில் வெந்துவிடும்.

இரண்டாவது முயலை நாங்கள் சமைத்த விதம் இது. சனிக்கிழமை வாங்கி, கழுவி, கிலோவுக்கு 15 கிராம் உப்பும் மஞ்சளும் பிசறி ஃபிரிட்ஜில் வைத்தோம். உப்பு மயோசினைக் கொஞ்சம் கரைத்து இழைகளை உப்ப வைக்கும், வேகும்போது சாறு அவ்வளவு சுலபமாக வெளியேறாது. ஞாயிறு காலை பச்சை இஞ்சியை அரைத்துத் தொடைக்கு மட்டும் பூசினேன். இஞ்சியில் கொலாஜனையே வெட்டும் நொதி இருக்கிறது. வேகவைத்த இஞ்சிக்கு அந்தச் சக்தி கிடையாது. எடுத்துவைத்த கொழுப்புக் கட்டியை நல்லெண்ணெயில் உருக்கி, வெங்காயம் வதக்கி, தொடையும் சப்பையும் முதலில். குக்கர் இல்லை, மண்சட்டி. மூடிபோட்டு, குமிழி மெல்ல எழும் தீயில் ஐம்பது நிமிடம். எலும்பிலிருந்து சதை தானாக நழுவத் தொடங்கியதும் மிளகும் தேங்காய்ப்பாலும் விட்டு, அதன்பிறகுதான் முதுகுத் துண்டுகள். மேலே போர்த்தியிருந்த வெள்ளிச் சவ்வைக் கத்தி நுனியால் உரித்துவிட்டிருந்தேன். பத்து நிமிடம். நடுத்துண்டின் உட்சூடு 71 டிகிரி தாண்டியிருந்தால் கிருமி பயமில்லை. சமையல் தெர்மாமீட்டர் 74 காட்டியதும் இறக்கிவிட்டேன்.

முதுகுத் துண்டைக் குறுக்கே வெட்டியபோது தட்டில் ஒரு சொட்டு நீர் தேங்கியது. அத்தை தொடை எலும்பைக் கடைசிவரை உறிஞ்சி வைத்துவிட்டு, "ஈரல் யாருக்கு வச்சிருக்க?" என்று கேட்டார்.