பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேங்க் ஆவிக்குழாய்: கலிபோர்னியச் சட்டம் என்ன சொல்கிறது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, கார்புரேட்டரையோ எஞ்சினையோ மாற்றிப் புதுப்பிக்க முனைபவர்கள், பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலிருந்து கிளம்பும் மெல்லிய ரப்பர் குழாய்களையும் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கரிக்குடுவையையும் தேவையற்றவை என்று எண்ணி முதலிலேயே கழற்றிவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் அவை மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள். அத்தகைய சாதனத்தைத் துண்டிப்பதையும் மாற்றியமைப்பதையும் அம்மாநில வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு தடை செய்கிறது.

அந்தக் குழாய்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச டேங்கில் காலியாகும் இடத்திற்கு வெளிக்காற்று வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வரத்து தடைப்படுவதோடு, தகர டேங்க் உட்புறமாக நசுங்கவும் கூடும். மாறாக, வண்டி வெயிலில் நிற்கும்போது பெட்ரோல் ஆவியாகி அழுத்தம் ஏறுகிறது. முற்காலத்தில் இந்த ஆவி டேங்க் மூடியின் துளை வழியே காற்றில் கலந்துவிட்டது. அந்த ஹைட்ரோகார்பன் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் புகைமூட்டத்தை உண்டாக்குகிறது என்பதை, லாஸ் ஏஞ்சலஸின் காற்றை ஆராய்ந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். நின்றுகொண்டிருக்கும் கார்கூட மாசுபடுத்துகிறது என்ற இந்த உண்மையே இவ்விதியின் அடிப்படை.

ஆகவே, டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல்களிலிருந்தும் கட்டாயமாயிற்று. கரிக்குடுவை உள்ள கார்களில், வண்டி நிற்கும்போது கரி ஆவியை ஈர்த்து வைத்துக்கொள்ள, எஞ்சின் ஓடும்போது அந்த ஆவி உள்ளே இழுக்கப்பட்டு எரிந்துபோகிறது.

அடிக்கடி குழப்பம் நேர்வது ஆண்டுக் கணக்கில்தான். 1975ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையவையுமான பெட்ரோல் கார்களுக்கு, கலிபோர்னியாவின் ஸ்மாக் சோதனை எனப்படும் வாகன மாசுச் சோதனை கிடையாது. இந்த விலக்கு சோதனையிலிருந்து மட்டுமே. 27156ஆம் பிரிவிலிருந்து அல்ல. 1973 மாடல் காரில் ஆவிக்குழாயைப் பிடுங்கிவிட்டால் யாரும் சோதிக்க வரமாட்டார்கள் என்பது உண்மையானாலும், அச்செயல் சட்டப்படி சரியாகிவிடாது. மேலும், இந்த 1975 என்ற வரம்பு ஆண்டுதோறும் நகர்வதில்லை; 35 ஆண்டு கடந்த சேகரிப்பு கார்களுக்கு முழு விலக்கு கோரி 2025இல் கொண்டுவரப்பட்ட சட்ட முன்வரைவும் நிறைவேறவில்லை.

1976 மாடலிலிருந்து நிலைமை கடுமையானது. ஒரு 1976 டாட்சன் 280இசட், பதிவைப் புதுப்பிக்கப் பெரும்பாலான பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்மாக் சோதனையில் தேற வேண்டும். சோதகர் புகைபோக்கியை மட்டும் பார்ப்பதில்லை. ஆவிக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் இருக்கின்றனவா, குழாய்கள் இணைந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்கிறார், டேங்க் மூடியைச் சோதிக்கிறார். 1976 முதல் 1995 வரையிலான பெரும்பாலான வண்டிகளில், டேங்குக்குள் நைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்திக் கசிவு உண்டா என்றும் பார்க்கப்படுகிறது. வெடித்துப்போன ஒரு சாண் குழாயே தோல்விக்குப் போதும்.

பந்தய டேங்கைப் பொருத்தி அதன் காற்றுக்குழாயை வெளியே தொங்கவிடுவது இச்சோதனையில் தேறாது. மாற்றுப் பாகத்தைப் பொருத்த விரும்புவோர், அதே கார் மாடலுக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை எண் (அப்பாகம் மாசுக் கட்டுப்பாட்டைக் கெடுக்காது என்று ஏற்று அளிக்கும் அனுமதி எண்) அதற்கு உண்டா என்று வாங்குமுன்பே பார்ப்பது நல்லது. எஞ்சினையே மாற்றுவதானால், புதிய எஞ்சின் காரின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குரிய மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அனைத்தும் கூடவே வர வேண்டும். ஸ்மாக் ரெஃபரி எனப்படும் நடுவர் அதைப் பார்வையிட வேண்டும்.

சேகரிப்பு வாகனமாகக் காப்பீடு செய்யப்பட்ட, 35 மாடல் ஆண்டுகள் கடந்த காருக்கு ஒரு சலுகை உண்டு. பாகங்கள் ஒவ்வொன்றையும் பார்க்கும் கட்டத்திலிருந்து ரெஃபரியிடம் விலக்குப் பெறலாம். ஆயினும் புகை அளவு தேற வேண்டும், டேங்க் மூடி சரியாக வேலை செய்ய வேண்டும், பெட்ரோல் ஒழுக்கு இருக்கக் கூடாது.

பழைய டாட்சன் 240இசட் காரின் பின்புற உள்பலகையைக் கழற்றினால், அதன் பின்னே ஒரு சிறிய ஆவித்தொட்டியும் அதனுடன் சேரும் பல ரப்பர் குழாய்களும் தெரியும். ஐம்பது ஆண்டில் அவை வறண்டு, விரலால் வளைத்தாலே கோடுகோடாக வெடிக்கும். காருக்குள் வீசும் பெட்ரோல் வாடைக்குப் பல நேரங்களில் இதுவே காரணம். வாடை போக வேண்டுமென்று டேங்கில் குழாய்கள் சேரும் முனைகளை அடைத்துவிடுவதே மிக மோசமான தீர்வு. பெட்ரோல் ஆவியைத் தாங்கும் குழாயை அதே விட்டத்தில் வாங்கி, எங்கும் மடங்காமலும் பெட்ரோல் தேங்கும்படி தாழாமலும் பழைய வழியிலேயே பொருத்த வேண்டும். பலகையை மூடுமுன், ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.