தேரிக்குப் பாலைவனம் என்று பேர் வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு வேளாண் கையேட்டின் தமிழாக்கம் மெய்ப்புப் பார்க்க வந்தது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்து மணலைப் பற்றிய பகுதிக்கு 'செம்பாலை மண்' என்று தலைப்பு. ஆங்கில மூலத்தைப் புரட்டினேன். அங்கே ஆங்கில எழுத்தில் 'தேரி' என்றே இருந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்து நிற்கிறது. காணொளிகளில் 'தமிழ்நாட்டின் சிவப்புப் பாலைவனம்' என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்த எனக்கு, அச்சுக்குப் போகும் நூலிலும் அதையே பார்த்ததும் பொறுக்கவில்லை.

தேரி என்றால் மணல்மேடு, மணற்குன்று. தென்பாண்டிச் சீமையில் இன்றும் புழங்கும் சொல். குதிரைமொழித் தேரி, தேரிக்குடியிருப்பு என்று ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் ஆய்வு செய்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். 1956இல் இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் அதையே எழுதினார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் போதுமாக இருந்த சொல் நமக்கு ஏன் போதவில்லை?

சரி, 'பாலை' ஏன் பொருந்தாது? முதலில் மழைக் கணக்கு. தூத்துக்குடிப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். புவியியலில் பாலைவனத்துக்குச் சொல்லும் அளவு 250க்கும் கீழே. இது அரைவறள் நிலம். அதைக்கூட 'அரை வறட்சி' என்று எழுதுகிறார்கள். வறட்சி என்பது ஒரு வருஷம் மழை பொய்த்தால் வருவது. வறள் என்பது நிலத்தின் இயல்பு. இரண்டையும் குழப்பினால் படிக்கிற விவசாயி என்ன நினைப்பார்?

அடுத்தது, பாலை என்ற சொல்லே. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. காடும் மலையும் காய்ந்த நிலம் அது. தேரியோ கடலோரத்தில், நெய்தலை ஒட்டிக் கிடப்பது. திணையறிவு உள்ள மொழியில் இதை மாற்றி எழுதினால் பிழை பளிச்சென்று தெரியும்.

எல்லாவற்றையும்விட, அங்கே வாழ்கிறவர்கள் அதைத் தேரிக்காடு என்கிறார்கள். பாலைவனத்தைக் காடு என்று யாராவது சொல்வார்களா? பனை, உடைமரம், முந்திரி, முருங்கை எல்லாம் அந்த மணலில்தான் நிற்கின்றன. உடன்குடிக் கருப்பட்டி என்று ஊரெல்லாம் தேடி வாங்குவது இந்த வட்டாரத்துப் பனையிலிருந்து வருவது.

'செம்மண்' என்று எழுதுவதும் தவறுதான். ஒரு பிடி செம்மண்ணை நனைத்துப் பிடித்தால் உருண்டை நிற்கும், கையிலும் ஒட்டும். தேரி மணலைப் பிடித்தால் உருண்டை மாதிரி இருக்கும், விரலைத் திறந்ததும் சரிந்துவிடும். ஈரக்கையில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள், உள்ளங்கையில் சிவப்புப் படியும். மணலோடு கலந்திருக்கிற இரும்புத்தாதுக்கள் காற்றிலும் ஈரத்திலும் சிதைந்து, மணியைச் சுற்றி மேல்பூச்சாகப் பிடித்துக்கொண்ட சிவப்பு அது. களிமண் மிகக் குறைவு, மக்கிய இலைதழை அதைவிடக் குறைவு. அதனால் பெய்த மழை நிற்காது, போட்ட உரமும் தங்காது. தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். ஆடிக்காற்றில் மேல்மணல் கிளம்பி வரப்பை மூடும்.

ஆனால் நண்பகலில், மேலே கால் வைக்க முடியாமல் சுடுகிற நேரத்தில், கையால் மணலை விலக்கிக்கொண்டே போங்கள். ஒரு முழம் போனதும் பெரும்பாலும் குளிர்ச்சி தட்டும். மேலே காய்ந்த மணல், கீழே இருக்கிற ஈரத்தை ஏறி வந்து ஆவியாகவிடாமல் மூடியிருக்கிறது. ஆழ வேர்விடும் மரம் தேரியில் பிழைப்பதும், மேல்வேர்ப் பயிர் தண்ணீர் இல்லாமல் கருகுவதும் இதனால்தான். 'பாலை மண்' என்று படித்தவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? ஒன்றும் விளையாது என்றுதான் நினைப்பார்.

இதே கையேட்டில் 'பருவகால ஆழமற்ற ஏரி' என்று நான்கு இடங்களில் இருந்தது. அதற்கும் அங்கேயே சொல் இருக்கிறது: தருவை. புத்தன்தருவை ஊர்ப்பெயரைப் பேருந்துப் பலகையிலேயே பார்க்கலாம். மழைக்காலத்தில் மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். அது மணலுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகும். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியையே பார்த்துக்கொண்டு, நிலத்தில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறார்கள். அகராதி தராததைப் பனையேறி தருவார்.

எல்லா மணல்மேட்டுக்கும் தேரி என்று எழுதச் சொல்லவில்லை. ராஜஸ்தானத்து மேடுகளுக்கு மணற்குன்று போதும். அலை ஒதுக்கிக் கரையில் குவித்த வெண்மணலுக்குச் சங்கப் பாட்டில் எக்கர் என்ற அழகான சொல் உண்டு. ஆனால் இன்றைய வாசகருக்கு அது பழக்கமில்லை என்பதால் மணல்திட்டு என்றே விட்டேன். சிவந்து கிடக்கும் தென்கடற்கரை மேட்டுக்கு மட்டும் தேரி; அதன் மணல், தேரி மணல். மெய்ப்பில் பதினோரு இடத்தில் 'செம்பாலை'யை அடித்து அப்படியே எழுதி அனுப்பினேன். 'வாசகருக்குப் புரியுமா?' என்று கேட்டுப் பதில் வந்தது. அந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் தேரியிலேயே குடியிருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறேன்.