கேலிபரேஷன்: ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்கு எது சரியான தமிழ்?

கேலிபரேஷன் என்றதும் ‘அளவுத்திருத்தம்’ என்று எழுதிவிடுகிறோம். தராசு, வெப்பமானி வரைக்கும் அது பெரிய சிக்கல் தருவதில்லை. நில அளவைக்குப் பயன்படும் ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்கு வரும்போதுதான் இடிக்கிறது. அங்கே ஆண்டெனாவை யாரும் திருத்துவதே இல்லை.

களத்தில் என்ன நடக்கிறது? முக்காலியில் ஆண்டெனாவை நிறுத்தி, தரையிலுள்ள குறியிலிருந்து அதன் அடிப்புள்ளி வரை உயரம் அளக்கிறார்கள். அடிப்புள்ளி கையால் தொடக்கூடிய இடம். ஆனால் செயற்கைக்கோளின் அலை வந்து சேர்வதாகக் கணக்கில் தெரிவது வேறொரு புள்ளி. அதற்குக் கட்ட மையம் (பேஸ் சென்டர்) என்று பெயர். பெரும்பாலும் அது அடிப்புள்ளிக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வெவ்வேறு அதிர்வெண்களில் அலைகளை அனுப்புகின்றன. எல்1 அலைக்கு (1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 19 செ.மீ.) ஓரிடம் என்றால், எல்2 அலைக்கு (1227.60 மெகாஹெர்ட்ஸ், சுமார் 24 செ.மீ.) இன்னோரிடம். அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. உச்சியில் இருக்கும் செயற்கைக்கோளுக்கும் அடிவானத்தை ஒட்டி இருப்பதற்கும் இடையே மில்லிமீட்டர் கணக்கில் நகரும். இரண்டு அலைகளையும் சேர்த்து அயனிமண்டலம் என்ற மேல் வளிமண்டல அடுக்கில் அலைக்கு ஏற்படும் தாமதத்தை நீக்கும்போது, எல்1 அளவீட்டில் உள்ள பிழை சுமார் இரண்டரை மடங்காகப் பெருகிவிடும். இதனால் அதிகம் கெடுவது உயரம்தான்.

ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும், ஒவ்வொரு கோணத்துக்கும் கட்ட மையம் எங்கே இருக்கிறது என்று அளந்து அட்டவணையாக எழுதிவைப்பதுதான் ஆண்டெனா கேலிபரேஷன். அளக்கக் கொடுத்த ஆண்டெனா போனபடியே திரும்பி வரும். திருத்தம் அப்புறம் கணிப்பு மென்பொருளில் நடக்கும். அளவியலுக்கான பன்னாட்டுச் சொற்றொகுதியும் இதை அழுத்திச் சொல்கிறது: கேலிபரேஷன் வேறு, கருவியைச் சரிக்கட்டுவது வேறு.

சொல்லின் வேரிலும் திருத்தம் கிடையாது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ‘கேலிபர்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் அரபியின் ‘காலிப்’, அதாவது அச்சு, என்பதே பலரின் கருத்து. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கால் வடிவ மர அச்சைக் குறித்த கிரேக்கச் சொல் அதற்கும் பின்னால் இருப்பதாகச் சொல்வார்கள். ஓர் அச்சோடு வைத்துப் பார்ப்பது என்பதே ஆதிப்பொருள்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘கட்டளை’. இன்று நமக்கு ஆணை என்ற பொருள்தான் தெரிகிறது. பழைய வழக்கில் செங்கல் அறுக்கும் அச்சுக்கும் அதே பெயர், பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லுக்கும் அதே பெயர். ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறது குறள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் ‘ஆண்டெனாவைக் கட்டளையிடல்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அதனால் ‘அளவொப்பீடு’ என்பதே சரி என்பேன். கருவியைத் தொட்டு மாற்றுவதைச் ‘சரிக்கட்டல்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அளவொப்பீடு என்றால் எதோடு ஒப்பிடுவது? இந்தத் துறையில் பெரிய மாற்றம் வந்ததே இந்தக் கேள்வியால்தான். தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட சோக்-ரிங் வகை (எதிரொளித்து வரும் அலைகளைத் தடுக்கச் சுற்றிலும் உலோக வளையங்கள் கொண்ட) ஆண்டெனாவை ஆதாரமாகக் கொண்டு, அதன் கட்ட மையம் கோணத்துக்குக் கோணம் மாறுவதே இல்லை என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டார்கள். இது சார்பு அளவொப்பீடு. உண்மையில் ஆதார ஆண்டெனாவிலும் மாறுபாடு இருந்தது. பிறகு ஜெர்மனியில் ஹனோவர் பல்கலைக்கழகமும் ஜியோ++ நிறுவனமும் ஆண்டெனாவை ரோபோ கையில் பொருத்தி, திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான நிலைகளில் சாய்த்தும் சுழற்றியும் அளக்கும் முறையை உருவாக்கின. அங்கே ஒப்பீடு இன்னோர் ஆண்டெனாவோடு அல்ல, துல்லியமாகத் தெரிந்த ரோபோ கையின் நிலையோடு. தனி வெப்பநிலை என்கிறோமே, அதே பொருளில் இது தனி அளவொப்பீடு. பான் பல்கலைக்கழகத்தில் இதையே அலை எதிரொளிக்காத அறைக்குள் செய்தார்கள். சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவை (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்புகளுக்கான பன்னாட்டு அமைப்பு) 2006 நவம்பர் 5 அன்று சார்பு மதிப்புகளை விட்டுத் தனி மதிப்புகளுக்கு மாறியது. செயற்கைக்கோள்களின் ஆண்டெனாக்களில் கோணத்துக்கேற்ப வரும் மாறுபாட்டுக்கான திருத்தங்களும் அன்றே சேர்ந்தன.

இந்த மதிப்புகள் ஆன்டெக்ஸ் என்ற கோப்பு வடிவில் வெளியாகின்றன. கணிப்பில் ஆண்டெனாவின் பெயரை உள்ளிடும்போது மேல்மூடியின் குறியீட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மூடி மாறினால் கட்ட மையமும் மாறும். ஆண்டெனாவிலுள்ள வடக்குக் குறி வடக்கைப் பார்த்திருக்க வேண்டும். பழைய கோப்புகளில் பல ஆண்டெனாக்களுக்கு எல்1, எல்2 மதிப்புகள் மட்டுமே உண்டு. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் அனுப்பும், வேறோர் அதிர்வெண் கொண்ட எல்5 அலைக்கு எல்2 மதிப்பை அப்படியே போட்டுக்கொண்டால், அது அளந்த மதிப்பு அல்ல, அனுமானம். அறிக்கையில் அதையும் எழுதிவிடுவது நல்லது.