தனிச்சிறப்புக் காப்பி

கோலாலம்பூரில் புதிதாகத் திறக்கப்படும் காப்பிக் கடைகளின் விலைப்பட்டியலில் இடம்பெறும் ‘ஸ்பெஷாலிட்டி காப்பி’ என்ற பெயரை, நம்மவர் சிலர் ‘ஸ்பெஷல் காப்பி’ என்று சுருக்கிவிடுகின்றனர். இது பொருளையே மாற்றிவிடுகிறது; இப்பெயருக்குத் தகுந்த தமிழாக்கம் எது என்பதே இங்குக் கேள்வி. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ‘ஸ்பெஷல்’ என்றால் நாசி கோரிங்கின் மேல் ஒரு முட்டை கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

‘வகை’ எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து கிளைத்த ‘ஸ்பெஷாலிட்டி’ என்ற சொல்லை, நார்வேயில் பிறந்த அமெரிக்கக் காப்பி வணிகர் எர்னா நட்சன் 1974இல் ஒரு வணிக இதழில் காப்பிக்கு அடைமொழியாக்கினார். குறிப்பிட்ட ஒரு நிலத்தின் தட்பவெப்பத்தால் மட்டுமே அமையும் சுவையையுடைய கொட்டை என்பதே அவர் கருதிய பொருள். மதிப்பெண் பின்னர் வந்து சேர்ந்தது. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் 100க்கு 80 அல்லது அதற்கு மேல் வழங்க வேண்டும் என்பதும், 350 கிராம் பச்சைக் கொட்டையில் முழுதும் கறுத்தது, முழுதும் புளித்தது போன்ற பெருங்குறை ஒன்றுகூட இருத்தல் ஆகாது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட வரையறைகளாயின. இவை அராபிக்கா என்னும் காப்பி இனத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. ஜொகூரில் விளையும், பலா மணம் வீசும் லைபீரிக்கா என்னும் வேறோர் இனத்தை இவற்றால் அளப்பது எனக்கு அத்தனை பொருத்தமாகப் படவில்லை.

நம் பழைய கோப்பிக் கடைகளின் வழக்கமோ இதற்கு நேரெதிரானது. அங்கே கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரிய பூச்சு படியும்வரை வறுத்து, துணிப்பையில் வடிக்கிறார்கள். கொட்டை எந்த மண்ணில் விளைந்தது என்பது அந்தக் கருகல் இனிப்பில் மறைந்துவிடும். பால் சேர்க்காத அந்தக் கோப்பி-ஓவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது வேறு செய்தி.

தமிழாக்கத்தில் பெரிய இடர்ப்பாடு, இக்காப்பியை விளைவிக்கும் இடத்தைக் குறிப்பதில்தான் எழுகிறது. ‘குடும்பக் காப்பித் தோட்டம்’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் சிறு நிலத்தை நினைக்கக்கூடும். மலேசியத் தமிழருக்கோ தோட்டம் என்பது தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடும், வேலையை மேற்பார்க்கும் கங்காணியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் கொண்ட எஸ்டேட். ரப்பருக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிலாங்கூரின் காப்பி எஸ்டேட்டுகளில் உழைத்தவர்களுள் தமிழர் உண்டு என்பதால் இப்பொருள் இங்கு ஆழப் பதிந்துள்ளது. ரப்பர்க் கணக்கெடுப்பில் 100 ஏக்கருக்குக் குறைந்த நிலத்தைப் பிரித்துக் காட்ட வழங்கும் ‘சிறுதோட்டம்’ என்ற சொல்லே இங்கும் பொருந்தும். பழுத்த பழத்தை மட்டும் பல சுற்றுகளாகக் கையால் பறித்து, நீரில் மிதக்கும் சொத்தைகளை நீக்கி, ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை புரட்டிப் புரட்டி உலர்த்தும் வேலையை, சிறுதோட்டக் குடும்பம் தன் கண்பார்வையிலேயே செய்துவிட முடிகிறது.

காப்பிக்கு ஆக்கப்பட்ட ‘குளம்பி’, மாட்டுக் குளம்பின் நினைவைத் தாண்டி வழக்கில் வேரூன்றவில்லை. ஆகவே ‘காப்பி’யை அப்படியே கொள்ளலாம். அடைமொழிக்கு ‘உயர்தர’ என்பது விளம்பரங்களில் தேய்ந்த சொல். ‘சிறப்பு’ மட்டும் நின்றால் மறுபடியும் அந்த முட்டையில்தான் கொண்டுபோய் விடும். நிலத்தின் தனித்தன்மை, சுவையின் தரம் ஆகிய இரண்டையும் தாங்குவதால் ‘தனிச்சிறப்புக் காப்பி’ என்பதையே பரிந்துரைக்கிறேன். விளைவிடத்தையும் சுட்ட வேண்டுமாயின் ‘சிறுதோட்டத் தனிச்சிறப்புக் காப்பி’ என ஒற்று மிகுத்து எழுதுக.