ஏலியனுக்கு ‘வேற்றுக்கிரகவாசி’ பொருந்தாது

கடலூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தேவனாம்பட்டினத்துப் பெண், தானே கற்பனை செய்த ஓர் உயிரினத்தைச் சார்ட் அட்டையில் வரைந்து வைத்திருந்தாள். மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு: ‘வேற்றுகிரகவாசிகள்: உயிரியல், வரலாறு, பண்பாடு’. அந்த உயிர்கள் வாழும் இடம் யூரோப்பா. நான் வாய் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்: “சார், யூரோப்பா கிரகம் இல்லியே, வியாழனோட நிலாதானே? அப்ப வேற்றுகிரகவாசின்னு எழுதலாமா? மிஸ் கிட்ட கேட்டேன். ஏலியனுக்குத் தமிழ்ல அதான் வார்த்தை, எழுதுன்னுட்டாங்க.”

தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் டப்பிங் படங்களிலும் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் நான். என்னிடம் மெய்ப்புக்கு வரும் கட்டுரைகளிலும் அதுவே வருகிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு அங்கேயே நின்றபடி அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதில் இது.

முதலில் மூலச்சொல். ஏலியன் என்பது லத்தீன் ‘அலியேனுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது ‘அலியுஸ்’. வேறு, பிற என்று பொருள். ஆங்கிலத்தில் அது பல நூற்றாண்டுகள் வேற்று நாட்டவரையே குறித்தது; சட்டத்தில் இன்றும் அப்படித்தான். விண்வெளி உயிர்களுக்கு அது பெயரானது 20-ஆம் நூற்றாண்டில்தான். ஆக, அந்தச் சொல்லில் கிரகமும் இல்லை, வாசமும் இல்லை. ‘பிறன்’, ‘அயல்’ என்பது மட்டுமே இருக்கிறது.

அயலாருக்குப் பெயர் வைக்க நம் கரைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அரிக்கமேட்டுக்கு ரோமானியச் சரக்கு வந்த காலத்தில் கப்பலில் வந்தவர்களை யவனர் என்றோம். பின்னால் ஐரோப்பியர் வந்தபோது பரங்கி என்றோம். கடலூர் மாவட்டத்தில் ஒரு பேட்டையே அந்தப் பெயரில் நிற்கிறது. அவர்கள் வழியாக வந்த காய் பரங்கிக்காய் ஆயிற்று. கடல் கடந்து வந்த மரம் சீமைக்கருவேலம். குறளில் ஏதிலார் என்ற சொல் இருக்கிறது; ஈழத்தமிழர் அதே வேரிலிருந்து ஏதிலி என்ற சொல்லை எடுத்து அகதிக்கு வைத்தார்கள், எவ்வளவு அழகான சொல்! இவ்வளவு கையிருப்பு உள்ள மொழிக்கு ஏலியன் என்றதும் ‘வேற்றுக்கிரகவாசி’தான் அகப்பட்டதா?

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். வேற்று, கிரகம், வாசி. மூன்றில் முதல் துண்டு ஒன்றுதான் நேர். அதிலும் வல்லினம் மிகுந்து ‘வேற்றுக்கிரகம்’ என்று வரவேண்டும். பல நாளிதழ்கள் அந்த ஒற்றைப் போடுவதில்லை.

கிரகம் என்பது ‘பிடித்தல்’ என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. கிரகணமும் அதே வேர்தான். நவக்கிரகத்தில் ஞாயிறும் திங்களும் உண்டு, நிழல்களான ராகுவும் கேதுவும் உண்டு. நாம் நிற்கிற பூமி இல்லை. அந்தக் கணக்கில் சூரியன் ஒரு கிரகம், பூமி கிரகமே அல்ல! பள்ளிப் பாடத்தில் அதே சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள். இங்கே கிரகம் என்றால் ஜனங்களுக்கு முதலில் எது நினைவுக்கு வரும்? ‘கிரகம் சரியில்லை’, ‘கிரகப் பெயர்ச்சி’. காரைக்கால் போய்த் திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவருக்குச் சனி என்பது வளையங்கள் சூழ்ந்த வாயுக்கோளம் அல்ல, ஒரு கடவுள். அவர் நம்பிக்கை அவருக்கு. அறிவியலுக்கு வேண்டிய சொல்லை இந்த இரட்டைப் பொருளின் நடுவே கொண்டுபோய் நட்டது பிழை.

அந்தப் பெண் பிடித்த பிழை இதையும்விடப் பெரிது. இன்று பூமிக்கு வெளியே உயிர் இருக்கலாம் என்று அறிவியலாளர்கள் அதிகம் எதிர்பார்க்கும் இடங்களில் பல, கோள்களே அல்ல. யூரோப்பா, 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட நான்கு நிலாக்களில் ஒன்று. மேலே பனி ஓடு, அடியில் 60 முதல் 150 கிலோமீட்டர் ஆழம் இருக்கலாம் என்று கணக்கிடப்படும் உப்புக்கடல். அதை ஆராயவே 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் புறப்பட்டது. 2030-இல் வியாழனை எட்ட வேண்டும். சனியின் நிலாவான என்செலடஸ், பனிப் பிளவுகள் வழியே நீரைப் பீய்ச்சுவதைக் காசினி விண்கலம் 2005-இல் கண்டது. நாளை இந்த இரண்டில் ஒன்றில் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டால், மறுநாள் நாளிதழ் ‘வேற்றுகிரகவாசி கண்டுபிடிப்பு’ என்றுதான் போடும். கிரகமும் தவறு, வாசியும் தவறு. ஒரு பாக்டீரியாவை வாசி என்று எப்படிச் சொல்வது?

வாசி என்பதில் எனக்குள்ள தகராறு நெடுநாளையது. நகரவாசி, வனவாசி என்னும்போது அது முகவரியைச் சொல்கிறதே தவிர இயல்பைச் சொல்லவில்லை. புதுச்சேரிக்காரனுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்க 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். சிலர் தேர்ந்தார்கள். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர், தமிழ் பேசி, தமிழ்ச் சோறு தின்று, இங்கேயே வளர்ந்தவர், தாளில் அயல்நாட்டவர். வாசமும் அயன்மையும் இரண்டு வேறு சங்கதிகள் என்று எங்கள் தெருவே சொல்லும். நாளைக்கு ஒரு தமிழச்சி செவ்வாயில் போய்க் குடியிருந்தால் சொல்லிலக்கணப்படி அவளும் வேற்றுக்கிரகவாசிதான். ஆனால் அவள் ஏலியன் இல்லையே!

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அதுக்குத்தான் அயற்கோளர்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்” என்றார். தூய்மை எனக்கும் வேண்டும். அவரளவுக்கு நானும் அதற்காகப் பேசுகிறவன். கோள் நல்ல சொல், பழைய சொல். பட்டினப்பாலையிலேயே நாள்மீன், கோள்மீன் என்ற பிரிவு இருக்கிறது. கொள் என்ற வினையிலிருந்து கோள் வந்தது. ஆனால் ‘அயற்கோளர்’ என்பது வேற்றுக்கிரகவாசிக்கு வேட்டி கட்டிவிட்ட வடிவம்தான். கிரகம் போய்க் கோள் வந்தது, பிழை போகவில்லை. யூரோப்பா கோளும் அல்ல, துணைக்கோள். கடைசியில் ‘அர்’ ஒட்டியதும் அது உயர்திணை ஆகிவிடுகிறது. பூஞ்சைபோல ஒன்று அகப்பட்டால் ‘அயற்கோளர் பாறையில் படர்ந்துள்ளனர்’ என்று எழுதுவாரா? எழுத்தைத் தமிழாக்கினால் மட்டும் போதாது, கருத்தும் தமிழில் நின்று யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சொல் பிழையானால் பார்வையும் பிழையாகும் என்பதற்கு ‘பறக்கும் தட்டு’ சாட்சி. 1947 ஜூனில் கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்க விமானி வானில் சில பொருள்களைக் கண்டதாகச் சொன்னார். தட்டை நீர்மேல் எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் அதை உருவமாக்கி ‘தட்டு’ என்று பெயர் வைத்தன. அதன் பிறகு எங்கு பார்த்தாலும் ஜனங்கள் கண்ணுக்குத் தட்டு வடிவமே தெரிந்தது. நாம் அதை அப்படியே தமிழாக்கினோம். பிழை நம்முடையதல்ல, ஆனால் நம்மிடமும் வேரூன்றிவிட்டது. அந்தக் கண்காட்சியில் ‘வேற்றுகிரகவாசி’ என்று எழுதிய வேறு அட்டைகளும் இருந்தன. அத்தனையிலும் இரண்டு கால், இரண்டு கை, பெரிய தலை, பாதாம் பருப்புக் கண். வாசி என்ற சொல்லே பிள்ளைகள் மனத்தில் ஒரு மனிதனை நிறுத்திவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்கிற கொடுமை இன்னொன்று. புதுச்சேரியில் ஓர் ஏரிக்கரையில் துண்டறிக்கை கொடுத்தார்கள். வெங்காயத்தாமரைப் படம் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் ‘ஆக்கிரமிப்பு வேற்றுகிரக இனங்கள்’ என்று அச்சிட்டிருந்தது. வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. சூழலியலில் ஏலியன் என்றால் வேற்று மண்ணிலிருந்து வந்த இனம் என்பது மட்டுமே பொருள். யாரோ கணினியில் போட்டு எடுத்ததை யாரும் படித்துப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டார்கள். ஏரியை நம்பிப் பிழைக்கிற மனிதர் அதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? ‘பரவிக் கெடுக்கும் அயலினம்’ என்று எழுதியிருந்தால் ஒரு நொடியில் விளங்கும். அயல் என்ற ஒரே சொல் இரண்டு துறைக்கும் ஈடுகொடுக்கிறது, மூலச்சொல்லைப் போலவே. ‘அயல்’ வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இனி என் பரிந்துரை. உயிர் எதுவானாலும், நுண்ணுயிர் முதல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அயலுயிர்’. பூமிக்கு வெளியே என்று விளக்க வேண்டிய இடத்தில் ‘புவிப்புற உயிர்’. மனமும் பேச்சும் வரலாறும் உடையவற்றுக்கு ‘வேற்றுலகத்தார்’. உலகம் என்றால் கோளும் அடங்கும், நிலாவும் அடங்கும், சூரியன் இல்லாமல் இருளில் அலையும் தனிக்கோளும் அடங்கும். மேலுலகம், கீழுலகம் என்று பழகிய நாவுக்கு வேற்றுலகம் புதிதல்ல. உலகம் தமிழா வடசொல்லா என்ற வழக்கை நண்பர் உடனே எழுப்புவார். எழுப்பட்டும், பாட்டிக்கும் பேத்திக்கும் ஒருங்கே விளங்குகிற சொல்லை நான் விடுவதாக இல்லை.

ஏன் அயலுயிர், வேற்றுலகத்தார் என்று இரண்டு சொல் என்றால், தமிழில் திணை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏலியன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தமிழில் வினைமுற்றுக்கு வந்ததும் ‘வந்ததா, வந்தாரா’ என்று தீர்மானித்தே ஆகவேண்டும். ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்றது தொல்காப்பியம். நன்னூலோ ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்று வேலியைத் தள்ளிப் போட்டது. மனிதர் அல்லாத, வேறு உலகத்தில் இருக்கிறவர்களுக்கும் உயர்திணையில் இடம் உண்டு என்று பவணந்தியார் வழி விட்டிருக்கிறார். டப்பிங் எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. விண்கலம் கட்டி, மொழி பேசி, உடன்படிக்கை செய்கிறவர்களை ‘அது வருது, அது போவுது’ என்கிறார்கள்.

அந்தப் பெண் யோசித்திருந்தாள். அவள் படைத்த உயிரினத்தின் பெயர் ‘தொங்கி’. வீட்டில் பார்த்துப் பழகிய கணவாயை வைத்து வரைந்திருக்கிறாள். பத்துக் கை, ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. பனி ஓட்டின் அடிப்பக்கத்தில் கொக்கிகளை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. அதற்குத் தரை மேலே, பாதாளம் கீழே. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து எழும் வேதிப்பொருளை உண்டு பனியடியில் பாசிபோல் படரும் நுண்ணுயிரே உணவு. இதில் கற்பனை குறைவு; 1977-இல் காலபாகஸ் தீவுகளின் பக்கம் சூரிய ஒளியே எட்டாத ஆழ்கடல் ஊற்றைச் சுற்றி உயிர்க்கூட்டத்தைக் கண்டார்கள், அதைப் படித்திருக்கிறாள்.

ஒளி இல்லாததால் கண் இல்லை. தொல்காப்பியம் உயிர்களை அறிவால் அடுக்கும்போது மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என்று ஏறிப்போகும். தொங்கிக்கு நான்காவது படி கிடையாது; ஐந்தாவதும் ஆறாவதும் உண்டு. அந்த ஏணியில் எங்கே நிறுத்துவது என்று எனக்கே பிடிபடவில்லை.

யூரோப்பா வியாழனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 85 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் ஈர்ப்பு பனியைப் பிசைகிறது, பனி வெடிக்கிறது. அந்த வெடிச்சத்தமே தொங்கிகளின் நாட்காட்டி. அவர்கள் வரலாறு ‘நூறாயிரம் வெடிக்கு முன்னால்’ என்று தொடங்குகிறது. கணக்குப் போட்டேன், 970 ஆண்டு சொச்சம். பாட்டு என்பது பனியைக் கொக்கியால் தட்டுவது. யாராவது இறந்தால் சுற்றி இருப்பவர்கள் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறார்கள்.

அட்டையின் உயிரியல் பகுதியில் ‘தொங்கிகள் உண்கின்றன’ என்று இருந்தது. பண்பாட்டுப் பகுதியில் ‘தொங்கிகள் பாடுகின்றனர்’. சக நடுவர் ஒருவர் அதைப் பிழை என்று சுழித்திருந்தார். நான் அவளிடம் கேட்டேன். “உடம்பப் பத்தி எழுதும்போது ‘அது’ன்னு வந்துச்சு சார். பாட்டு, சாவெல்லாம் எழுத ஆரம்பிச்சதும் ‘அவங்க’ன்னு தானா வந்துடுச்சு.”

தலைப்பின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி ‘தொங்கிகள்: யூரோப்பாவின் அயலுயிர்’ என்று எழுதச் சொன்னேன். பண்பாட்டுப் பகுதிக்கு மேல் ‘வேற்றுலகத்தார்’ என்று அவளே சேர்த்தாள். பிறகு அந்தப் பகுதி முழுக்க விரலை ஓட்டிப் பார்த்து, ஓரிடத்தில் நின்றாள். ‘கடைசிக் கொக்கி கழன்றதும் உடல் கீழே போகிறது’ என்று இருந்தது. “இதையும் மாத்தணுமா சார்?” உயிர் போன உடல் நம் வழக்கில் அஃறிணைதான், அப்படியே இருக்கட்டும் என்றேன்.