சட்டை லாஸ்ரிக்கும் பாவக்கொடிச் சுருளும்

அம்மா சட்டை இடுப்புக்கு லாஸ்ரிக் வைக்கேக்க அதை ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கொண்டுதான் மிசினை ஓட்டுவா, தைச்சு முடிச்சுக் கையை விட்டால் லாஸ்ரிக் பழைய நீளத்துக்கு ஓடி வந்திடும், துணிக்குச் சுருங்கத் தெரியாது பாவம், நெளிநெளியா மடிஞ்சு போகும். மெல்லிய றப்பர் நாருகள் சுருளுறதும் நெளியிறதும் உதே கதைதான், ஒட்டிக்கிடக்கிற ரெண்டு பேரில ஒராள் கட்டையாகப் பாக்கிறார், மற்றாள் மாட்டன் எண்டுறார்.

பழைய சைக்கிள் ரியூப்பில ஒரே அகலத்துக்கு ஒண்டு நீட்டு, ஒண்டு கட்டை எண்டு ரெண்டு கீலம் வெட்டி, கட்டையை இழுத்து நீட்டோட ஒட்டுப்போடுற சொலூசனால ஒட்டிப் பாருங்கோ. ரெண்டு நுனியையும் பிடிச்சபடி மெல்ல விட்டால் இழுபட்ட பக்கம் உள்ளுக்கு வரச் சுருளும். பகிடி என்னண்டால் பாதி வலமாச் சுத்தும், மிச்சம் இடமாச் சுத்தும். நுனி ரெண்டும் கையில இருக்கு, திரும்பேலாது, அப்ப முறுக்கு மொத்தமாப் பூச்சியமா வரவேணும், இந்தப் பக்கம் பத்துச் சுத்தெண்டால் அந்தப் பக்கமும் பத்து. 2014 இல ஹார்வர்ட்டில இப்பிடி றப்பர் கீலங்களை ஒட்டிப் பாத்தவை, கீலத்தின்ர தடிப்புக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்து திசை மாறுற இடங்களும் கூடிக் குறையுமாம்.

கிணத்தடிப் பந்தலில பாவக்கொடியின்ர பற்றுத்தந்து ஒண்டைப் பாருங்கோ, கொடி பிடிச்சு ஏறுற சுருள் நூல் அது, நுனி கயித்தைப் பிடிச்சிருக்கு, அடி கொடியில, நடுவில திசை மாறும். டார்வின் 1865 இலயே இதை எழுதிப்போட்டார். வெள்ளரித் தந்துக்குள்ள மெல்லிய நார்க்கலப் பட்டி ஒண்டு இருக்கு, அதில ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடக் கூடச் சுருங்கும், அதுதான் சுருளுக்குக் காரணம் எண்டு 2012 இல கண்டுபிடிச்சவை.

சரி, எப்ப சுருளும், எப்ப நெளியும்? ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலமெண்டால் முழுசாச் சுருளும். தடிச்ச மெத்தையான உடம்புக்கு மேல மெல்லிய இறுகின தோல் எண்டால் தோல் மட்டும் நெளியும், பொங்கலுக்குப் போடுற பிளம்ஸ் எண்டுற காஞ்ச திராட்சை மாதிரி. நெளிவின்ர அகலத்துக்குக் கணக்கிருக்கு, தோல் ரெண்டு மடங்கு தடிச்சால் அகலமும் ரெண்டு மடங்கு, ஆனா தோல் 8 மடங்கு இறுகினாலும் ரெண்டு மடங்குதான், 8 இன்ர கனமூலம் 2 கண்டியளோ.

முத்தின வெள்ளரிச் சுருளை மெல்ல இழுத்தால் அவிழுமெண்டுதானே நினைப்பியள்? முதல்ல இன்னும் முறுகும். அந்தப் பட்டியை முறுக்கிறதை விட நிமித்திறது கஷ்டம், அதால இழுக்கேக்க சுத்தைக் கூட்டிப்போட்டு, பேந்துதான் அவிழும். மெல்லிய காத்துக்கு இளகிக் குடுக்கும், பெருங்காத்து இழுத்தால் விறைச்சு நிக்கும்.