சாமி அறைக் கதவைச் சாத்திவைத்த அம்மா

தூக்கம் வரவில்லை என்றுதான் அந்த அம்மா என்னிடம் வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மகனை விபத்தில் பறிகொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர், நின்றபடியே சொன்னார்: "சாமி அறையைச் சாத்தியே வச்சிருக்கேன் டாக்டர். ஆனா பூக்காரம்மாகிட்ட பூ வாங்கறத நிறுத்த முடியல. வாங்கி அந்தக் கதவுக் கைப்பிடியிலயே மாட்டிடறேன். அங்கேயே காயுது."

மறுபடி உட்காரச் சொன்னேன்.

முப்பது வருஷம் சஷ்டி விரதம் இருந்தேனே, என் பிள்ளையை ஏன்? இதுதான் அவருடைய கேள்வி. அதைவிட அவரை வதைத்தது, அப்படிக் கேட்பதே பாவமோ என்ற பயம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பதிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'போன ஜென்மத்து வினை.' 'நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்.' 'நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கி இருக்கா, யோசிச்சுப் பாருங்க.' இந்தக் கடைசிப் பேச்சுக்கு அப்புறம்தான் தூக்கம் போனது. பழனியில் மகனுக்கு மொட்டை போடுவதாக எப்போதோ வேண்டிக்கொண்டு விட்டுப்போனது ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளை போனதற்குத் தானே காரணம் என்று முடிவுகட்டிவிட்டார்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: காரணம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சாமியிடம் சண்டை போடுவது நமக்குப் புதிதா என்ன? பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று, அடியார்களைத் தவிக்கவிட்டு நீர் 'வாழ்ந்து போதீரே' என்று ஈசனையே கடிந்து பாடினார். அந்தப் பதிகம் இன்றும் தேவாரத்தில்தான் இருக்கிறது. சிலுவையில் இயேசு கேட்டதும் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்றுதான். மனநல மருத்துவமும் இதை நோய் என்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு, நம்பிக்கை ஆட்டம் காண்பதை மனநோய்களோடு சேர்க்காமல், மருத்துவர் கவனித்துக் கேட்க வேண்டியவற்றில் வைத்தது.

சிகிச்சை தேவைப்படுவது வேறு இடத்தில். 'என்னால்தான்' என்ற நினைப்பு நாள் முழுக்க அரிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 'நானும் போயிடறேன்' என்று வாயில் வந்தால் அன்றைக்கே. நடுராத்திரி என்றாலும் அரசு உதவி எண்களான 14416 அல்லது 104-ஐ அழைத்துத் தமிழில் பேசலாம். கோயிலுக்கும் கூட்டிப் போங்கள், ஆனால் மருத்துவருக்குப் பதிலாக அல்ல.

"ஏன்னு எனக்கும் தெரியலம்மா" என்றேன் அவரிடம். வெகுநேரம் அழுதார். அடுத்த தடவை, விபத்து நடந்த நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். பைக், மழை, தப்பான பக்கத்தில் வந்த லாரி. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "இதுல மொட்டை எங்கேயும் வரலியே" என்றார்.

ஐந்தாவது முறை வந்தபோது மாத்திரையைக் குறைத்தேன். கதவைத் திறந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.